புற்றில் கைவிட்ட சிறுவன்

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் ஏறக்குறைய 3,550 படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, குனிந்தும் நிமிர்ந்தும் மேலேறும் தாய்மார்களை அங்கே காணலாம். 'எதற்காக அம்மா இந்த வேண்டுதல்?' என்று கேட்டால், பையனின் தேர்வு, பெண்ணின் மருத்துவப் படிப்பு என்று பதில் வருவது அரிதன்று. இந்த அன்பை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. தனக்கென ஒன்றும் கேளாமல் இன்னோர் உயிருக்காக இடுப்பு நோகப் படியேறுவது ஒரு தவமே.

ஆயினும் அந்த வேண்டுதலின் உள்ளடக்கத்தைச் சற்று விசாரிக்கத்தான் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் நீட் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் அதிகம், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய 1.1 லட்சம். அதே ஆண்டில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினை எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர், எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்ந்து இருந்த இடங்கள் 18,000-க்கும் குறைவு. திருமலையின் அடிவாரத்தைத் தாண்டி ஏர்ப்பேடு அருகில் அமைந்துள்ள, 2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யையும் சேர்த்தே இந்தக் கணக்கு. அப்படியானால், தரிசன வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரு தந்தையர் ஒரே இடத்தைக் கேட்டு நிற்கக்கூடும். ஒருவரின் வேண்டுதல் பலித்தால் மற்றவருடையது பலிக்காது. நம் பிள்ளைக்கு முதலிடம் தா என்னும் வேண்டுதலுக்குள் பிறர் பிள்ளைக்கு அதைத் தராதே என்னும் வேண்டுதலும் ஒளிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் தந்தையாக நிற்கும் வேங்கடவனிடம் இதை எப்படிக் கேட்பது? நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் கிட்டாத ஒன்றை, கிட்டாவிடில் வாழ்வே இல்லை என்று பிள்ளைக்குக் கற்பிப்பது எந்த நீதி?

இந்தக் கேள்வியுடன் திருமலைக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தின் கதைக்குச் செல்வோம். வேங்கடேசப் பெருமான் மீது ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் பாடிய அன்னமாச்சாரியாரை (1408-1503) அறியாதவர் இல்லை. அவருடைய பாடல்கள் பொறிக்கப்பட்ட செப்பேடுகள் நெடுங்காலம் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிற்றறையில் இருந்து, 1920-களில் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. அவருடைய பேரர் சின்னண்ணா தெலுங்கு த்விபதைச் செய்யுளில் 'அன்னமாச்சாரிய சரித்திரமு' என்னும் நூலை இயற்றினார். அந்தக் குடும்ப வரலாறு அன்னமாச்சாரியாரின் பிறப்புக்கு முன்னரே, அவருடைய பாட்டனார் நாராயணய்யாவிடமிருந்து தொடங்குகிறது.

நாராயணய்யா ராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாளப்பாக்கத்தைச் சேர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது படிப்பு அவருக்கு ஏறவில்லை. கல்விக்குப் பெயர்பெற்ற குலம் அது. வீட்டில் ஏறாத படிப்பு வெளியிலாவது ஏறட்டும் என்று ஊட்டுகூருவில் இருந்த உறவினரிடம் அனுப்பினர். அங்கும் ஏறவில்லை. ஆசிரியர் அடித்தார், கடும் தண்டனைகள் கொடுத்தார், உடன் பயின்றோர் சிரித்தனர். அவமானம் தாளாத சிறுவன் ஊரிலுள்ள சிந்தாலம்மா கோயிலுக்குச் சென்று, அங்கிருந்த பாம்புப் புற்றுக்குள் கையை விட்டான். பாம்பு தீண்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. அப்போது தேவி தோன்றித் தடுத்தாள். உன் வம்சத்தில் மூன்றாம் தலைமுறையில் பரம பக்தன் ஒருவன் பிறப்பான், நீ சாகலாகாது என்று அருளினாள். சென்னகேசவப் பெருமான் அருளால் பின்னர் அவனுக்குக் கல்வியும் கைகூடியதாகச் சொல்வார்கள்.

இக்கதையை எடுத்துரைப்போர் பெரும்பாலும் தேவியின் வாக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். பேரன் பெரியவனானான், ஆகவே பாட்டன் பட்ட துன்பத்துக்குப் பலன் கிட்டியது என்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பேரனால் மட்டுமே பாட்டனின் உயிர் மதிப்புப் பெறுமானால், பேரன் சாதாரணமானவனாகப் பிறக்கும் வீடுகளில் என்ன சொல்வது? தேவி கையைப் பிடித்துத் தடுத்த கணத்தில் அங்கே இருந்தது பாடம் ஏறாத ஒரு சிறுவன் மட்டுமே. அன்னமாச்சாரியார் அப்போது எங்கும் இல்லை. தோற்றுப்போன அந்தப் பிள்ளைக்காகவே அவள் வந்தாள்.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. ஊட்டுகூருவிலிருந்து தாளப்பாக்கம் நெடுந்தொலைவு அன்று. அவமானப்பட்ட சிறுவன் வீட்டுக்கு நடந்திருக்கலாம். அவன் புற்றைத் தேடிச் சென்றான். படிக்காமல் திரும்பினால் அந்த வாசலில் என்ன முகம் காத்திருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊகம்தான், ஆனால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை அதுவே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அத்தனைக்கும் தேர்வே காரணம் அன்று. ஆனால் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்ப அஞ்சினர் என்பதை எந்த அட்டவணையும் நமக்குச் சொல்லாது.

'எங்கள் குறையைப் பிள்ளை தீர்க்க வேண்டும் என்று விரும்புவது சாஸ்திரம் சொன்னதுதானே?' என்று கற்றறிந்த பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிருஹதாரண்யக உபநிஷதத்தின் முதல் அத்தியாயத்தில் 'ஸம்ப்ரத்தி' என்றொரு சடங்கு வருகிறது. தமிழில் 'ஒப்படைப்பு' என்பதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இவ்வுலகைவிட்டுச் செல்லும் தறுவாயில் தந்தை மகனை அழைத்துத் தன் கல்வி, வேள்வி, உலகம் மூன்றையும் அவனிடம் ஒப்படைக்கிறார், மகன் ஏற்கிறான். தந்தை விட்ட குறையை நிறைவு செய்பவன் என்ற பொருளிலேயே 'புத்திரன்' என்ற சொல்லும் அங்கு விளக்கப்படுகிறது. ஆனால் அந்தக் காட்சியைக் கூர்ந்து நோக்குங்கள். ஒப்படைத்த தந்தை விடைபெறுகிறார். மகன் அதை எப்படி நிறைவேற்றுகிறான் என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதில்லை, மதிப்பெண் கேட்பதில்லை. நம் வீடுகளில் ஒப்படைப்பு மட்டும் நடக்கிறது, அதுவும் எல்.கே.ஜி. வயதில், விடைபெறுதல் நடப்பதே இல்லை. தான் மருத்துவராக இயலாத தந்தை மகனை மருத்துவனாக்க முயலும்போது அவர் நேசிப்பது மகனையா, மகன் உருவில் தன்னையேவா என்பதை அவரே தனிமையில் ஆராய வேண்டும்.

இதை எல்லோருக்கும் ஒரே தராசில் நிறுப்பதும் தவறு. ஆட்டோ ஓட்டியும் வீட்டு வேலை செய்தும் முதல் தலைமுறையாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரின் கனவை வீண் பெருமை என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு அது பசியிலிருந்து வெளியேறும் வழி. துறவி ஒருவன் மடத்தில் அமர்ந்து அவர்களுக்குப் பற்றின்மை போதிப்பதில் ஒரு விந்தையும் உண்டு. காவி உடுத்திய ஒவ்வொருவனும் ஏதோ ஒரு வீட்டின் எதிர்பார்ப்பை ஏமாற்றி வந்தவனே. எனவே, கனவு காணாதீர்கள் என்பதல்ல என் வாதம். முயற்சியைப் பிள்ளையிடம் கேட்கலாம், கண்டிப்புடனேயே கேட்கலாம். முதலிடத்தைக் கேட்க முடியாது. அது அவன் கையில் இல்லை. கீதை கர்மத்துக்கும் பலனுக்கும் இடையே இட்ட கோடு பெற்றோருக்கும் சேர்த்தே இடப்பட்டது.

தேவியின் வாக்கு பலித்த பிறகாவது அந்த வீட்டில் எல்லாம் நினைத்தபடி நடந்ததா? நாராயணய்யாவின் மகன் நாராயண சூரியும் அவர் மனைவி லக்கமாம்பாவும் பிள்ளை வரம் வேண்டித் திருமலைக்கே வந்தனர். துவஜஸ்தம்பத்தின் முன் அவர்கள் வணங்கியபோது பெருமானின் நந்தக வாளின் ஒளி அவர்களுக்குள் புகுந்ததாக ஐதீகம். இதைவிடப் பெரிய எதிர்பார்ப்புடன் ஒரு குழந்தை பிறக்க முடியாது. அந்தக் குழந்தையை வீட்டார் என்ன செய்தனர்? மாட்டுக்குப் புல் அறுத்து வரச் சொன்னார்கள். எந்நேரமும் பாடிக்கொண்டு வேலையில் நாட்டமில்லாத பிள்ளை என்று கடிந்துகொண்டார்கள். அரிவாள் விரலை அறுத்த ஒரு நாளில், சிறுவன் வயலிலிருந்து அப்படியே யாத்திரிகர் கூட்டத்துடன் திருமலைக்குப் புறப்பட்டுவிட்டான். வரமாகப் பெற்ற பிள்ளையையும் வீட்டாரால் அடையாளம் காண இயலவில்லை.

கல்யாண கட்டாவில் குழந்தையின் முதல் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பது நம்மில் பலருக்குக் குலவழக்கம். குழந்தை வீறிட்டு அழும். தகப்பன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொடுத்த முடி எங்கே போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று என்று எந்தப் பெற்றோரும் திரும்பி வந்து விசாரித்ததில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, தரிசன வரிசைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அந்த நேரத்தில் அவன் என்னவாக வரப்போகிறான் என்பது அவர்கள் நினைவிலேயே இல்லை. அழுகை நின்றதா, பசிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.