மிச்சம் ஒன்று

கோவில்பத்தில் பக்கத்து வீட்டுப் பையன் சாயங்காலம் கணக்கு நோட்டோடு என் திண்ணைக்கு வந்துவிடுவான். அன்று நிகழ்தகவு. இரண்டு காசுகளைச் சுண்டினால் ஒரு தலையாவது விழ எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் தலை, இரண்டும் பூ, தலை ஒன்று பூ ஒன்று. விதம் மூன்று, அதில் இரண்டில் தலை இருக்கிறது, ஆகவே மூன்றில் இரண்டு என்று எழுதியிருந்தான். நான்கில் மூன்று என்றேன். தலை-பூ வேறு, பூ-தலை வேறு. அவன் ஒப்பவில்லை. "ரெண்டு காசும் ஒரே மாதிரி இருக்கு மாமா. எது முதக் காசு, எது ரெண்டாவதுன்னு யாரு பாத்தா?"

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து போவதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1754-ல், அவர்களுடைய பெரிய கணித மேதைகளில் ஒருவரான தலம்பேர், கலைக்களஞ்சியத்தில் இதே கணக்கை எழுதி, இதே மூன்றில் இரண்டைத்தான் சொன்னார். முதல் காசிலேயே தலை விழுந்துவிட்டால் இரண்டாவதை எதற்குச் சுண்டுவது என்பது அவர் வாதம். பையனுடைய வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

ஒரு காசில் மஞ்சள் தடவிச் சுண்டிப் பார் என்றேன். இப்போது நான்கு விதமும் கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சளைத் துடைத்துவிட்டால் காசுகள் மாறிவிடுமா? மாறாது. அவை முன்பும் இரண்டாகத்தான் இருந்தன. நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவே. பையன் அரை மனதோடு திருத்திக்கொண்டான்.

நிகழ்தகவு என்று பாடப்புத்தகத்துக்குச் சொல் ஆக்கியவர்கள் யாரோ, 'தகவு' என்பதை எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. வள்ளுவனிடம் அது நடுவுநிலைமை சம்பந்தப்பட்ட சொல். ஒரு காரியம் நிகழத் தகுந்ததா என்று கேட்கிறபோதே, அதைச் செய்தவன் தகுந்தவனா என்ற கேள்வியும் காதில் விழுகிறது. அந்தக் கேள்விதான் என்னைச் சில நாட்களாகத் தொந்தரவு செய்கிறது.

சனிக்கிழமைகளில் காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. சனிப்பெயர்ச்சி வந்தால் கேட்கவே வேண்டாம். நளனைச் சனி விட்டு நீங்கிய இடம் என்பது தலபுராணம். நளதீர்த்தத்தில் முழுகி எழுந்தால் நம்மைப் பிடித்ததும் விட்டுவிடும் என்று நம்பிக்கை. பாரதத்தில் நளனைப் பிடித்தது சனியல்ல, கலி. அது நீங்கியது குளத்திலுமல்ல. ஒரு கணக்கில் நீங்கியது.

வனபர்வத்தில் வரும் அந்த இடம் விசித்திரமானது. நளன் வாகுகன் என்ற பெயரில் ருதுபர்ண மன்னனின் தேரை ஓட்டிப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரம். ருதுபர்ணன் அதை ஒரு பார்வை பார்த்து, இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் இருப்பதாகச் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து, காய்களை எண்ணுகிறான். சரியாக இருக்கிறது. பிறகு இருவரும் பண்டமாற்று செய்துகொள்கிறார்கள்: குதிரையின் ரகசியத்துக்குப் பதில் சூதின் ரகசியம். அது கைக்கு வந்த கணத்தில் கலி நளன் உடம்பைவிட்டு வெளியேறுகிறது.

காயை எண்ணுவதற்கும் சூதாடுவதற்கும் என்ன சம்பந்தம்? தான்றிக்காய் இன்று நாட்டு மருந்துக் கடையில் திரிபலையில் மூன்றில் ஒன்றாகக் கிடக்கிறது. வேத காலத்தில் அதுதான் சூதுக்காய். குவியலிலிருந்து ஒரு கை அள்ளி நான்கு நான்காகக் கழிப்பார்கள் என்பது அறிஞர்கள் பலரும் கொண்டுள்ள கருத்து. மீதியில்லாமல் போனால் கிருதம், ஜெயம். மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. யுகங்களுக்கும் இதே பெயர்கள். நளனைப் பிடித்தது ஒரு மிச்சம். ஒரே பார்வையில் காய்களை எண்ணத் தெரிந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டம் என்று ஒன்றும் இல்லை. மற்றவன் அதிர்ஷ்டம் என்று நினைப்பதை இவன் கண்ணால் பார்க்கிறான்.

நளன் திரும்பிப் போய் புஷ்கரனோடு ஆடி, நாட்டை ஜெயிக்கிறான். முதல் ஆட்டத்தில் கலி இவனுக்குள் இருந்தது, துவாபரன் காய்க்குள் இருந்தான். இரண்டாவது ஆட்டத்தில் இவனுக்கு வித்தை தெரியும். இரண்டில் எதுவும் நேரான ஆட்டமில்லை. அது போகட்டும். ஜெயித்த பிறகு புஷ்கரனைப் பார்த்து, என்னைத் தோற்கடித்தது நீயல்ல, கலி. அந்தக் குற்றத்தை உன்மேல் ஏற்றமாட்டேன் என்கிறான். அவன் பங்கையும் கொடுத்து அனுப்புகிறான். பெரிய மனது என்று சொல்லலாம்.

ஆனால் இதற்கு முன்பே தமயந்தியிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். நடுக்காட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளுடைய சேலையில் பாதியை அறுத்துக்கொண்டு போனவன், அது நான் செய்ததல்ல, கலி செய்தது என்கிறான். இந்த இடத்தை என்னால் விழுங்க முடிவதில்லை. காய் உருண்டதைக் கலியின் கணக்கில் எழுதலாம். சேலையை அறுத்த கை யாருடையது? போவதும் திரும்பி வந்து பார்ப்பதுமாக அவன் தவித்ததாகவும் பாரதம் சொல்கிறது. தவித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். பன்னிரண்டு வருஷம் முன்பு அம்மாவுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று வந்தது. பத்துப் பேரில் இரண்டு பேர் பிழைக்கலாம் என்றார் டாக்டர். நான் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நாற்பது நாள் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் "பத்துக்கு ரெண்டுன்னுட்டாங்க" என்றேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. எண்ணுக்கு அப்படியொரு சக்தி இருக்கிறது, எதிரில் நிற்பவன் வாயை அடைத்துவிடும். டாக்டர் சொன்ன எண் பொய்யில்லை. அந்த முடிவுகூடத் தப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி நான் வேறொரு கணக்கும் போட்டேன். வீட்டுப் பத்திரம், வட்டி, தங்கையின் கல்யாணம். அதை எவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்துக்கு இரண்டு என்பது பத்துப் பேரைப் பற்றிய பேச்சு. பத்தும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால்தான் பின்னத்தின் கீழே பத்து என்று எழுத முடியும். வைத்துக்கொள்வதில் பிழையில்லை, இல்லாவிட்டால் வைத்தியமே நடக்காது. பையனுடைய காசுக் கணக்கில் நான் கற்றுக்கொடுத்தது இதற்கு எதிர்ப்புறம்: ஒரே மாதிரி தெரிவதைத் தனித்தனியாக எண்ணு என்று. இரண்டும் ஒரே பாடத்தில் இருக்கின்றன. எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் போடவில்லை.

பையன் அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். மூன்று காசுகள். வரிசையாக எட்டு வரி எழுதினான். முதல் காசுக்கு மஞ்சள், இரண்டாவதுக்குக் குங்குமம் என்று தானாகவே வைத்துக்கொண்டான். மூன்றாவதுக்கு என்ன பூசுவது என்று கேட்டான். சும்மா விடு, அதுவே ஓர் அடையாளம்தான் என்றேன்.