ஸ்படிக மாலை கண்ணாடி என்றால், செய்த ஜபம் வீணா?

கோயில் வாசலில் வாங்கிய ஸ்படிக மாலை. பல வருடங்களாக அதில்தான் தினமும் நூற்றெட்டு பஞ்சாட்சரம் சொல்கிறீர்கள். ஒருநாள், மாலையைக் கட்டிக் கொடுக்கச் சொன்னபோது நகைக்கடைக்காரர் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘இது ஸ்படிகம் இல்லீங்கம்மா, கண்ணாடி!’ என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? போனது பணம் மட்டும்தானா, இல்லை அத்தனை வருட ஜபமுமா?

சிதம்பரத்தை நினைத்துக்கொண்டே இதற்குப் பதில் தேடுவோம். கூத்தபிரான் அங்கே உருவம். திரைக்குப் பின்னால், தங்க வில்வமாலை தொங்கும் ரகசியம் அருவம். இந்த இரண்டுக்கும் நடுவே அருவுருவமாக எழுந்தருளியிருப்பவர், சந்திரமௌலீஸ்வரர் என்னும் ஸ்படிக லிங்கம். ஆறு கால பூஜையிலும் கனகசபையில் இவருக்குத்தான் அபிஷேகம். ஆதிசங்கரர் கயிலையிலிருந்து கொண்டுவந்த ஐந்து லிங்கங்களில் இது மோட்ச லிங்கம் என்பது ஐதீகம். பால் ஊற்றும்போது லிங்கமும் பாலாகவே தெரியும். திருநீறு சாத்தினால் நீறாகவே நிற்கும்!

ஸ்படிகத்துக்கு நம் இலக்கியத்தில் பெயர் பளிங்கு. விஞ்ஞானத்தில் குவார்ட்ஸ். செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் எல்லாம் இதன் உடன்பிறப்புகள்தான். ஆனால், நவரத்தினங்கள் ஒன்பதில் ஒன்றுகூட குவார்ட்ஸ் கிடையாது. வைடூரியம் என்று மலிவாகக் கொடுக்கப்படுவது சில சமயம் பூனைக்கண் குவார்ட்ஸாக இருக்கும். செவ்வந்திக்கல்லைச் சூடேற்றினால் மஞ்சளாக மாறும். அதைப் புஷ்பராகம் என்று விற்பவர்களும் உண்டு. பரிகாரத்துக்காகக் கல் வாங்கும் சகோதரிகள் கொஞ்சம் கவனியுங்கள்!

கடலூர்ச் சீமைக்கு இந்தக் கற்கள் புதிதல்ல. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும், பரங்கிப்பேட்டைப் பக்கம் மணிக்கொல்லையிலும் பழங்கால மணிகள் கிடைத்திருக்கின்றன. மணி விளைந்த கொல்லை... ஊர்ப் பெயரே சொல்கிறதே! வடக்கே அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் அகழ்ந்த இடத்தில், கல்மணியும் கண்ணாடி மணியும் ஒரே ஊரில் செய்யப்பட்டிருக்கின்றன. ஆக, கண்ணாடி மணி என்பது அந்தக் காலத்திலேயே நேர்மையான சரக்குதான். கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி விற்கும்வரை!

கல்லைச் சுற்றிக் கதைகளுக்கும் குறைவில்லை. நிலவு பட்டால் சந்திரகாந்தக்கல் நீர் கசியும், வெயில் பட்டால் சூரியகாந்தக்கல் தீ உமிழும் என்றார்கள் நம்மவர்கள். இரண்டாவது வெறும் கதை இல்லை. உருண்டையாக இழைத்த ஸ்படிகம் வெயிலை ஒரே புள்ளியில் குவித்துப் பஞ்சைப் பற்றவைத்துவிடும். செவ்வந்திக்கல்லின் கிரேக்கப் பெயருக்கு ‘போதை ஏறாதது’ என்று பொருள். அந்தக் கல் கிண்ணத்தில் குடித்தால் மயக்கம் வராது என்று நம்பினார்களாம். குடித்தவரைக் கேட்டால்தான் தெரியும்!

நம் கேள்விக்கு வருவோம். கடலூர் மாவட்டம் பெண்ணாகடத்தில் அவதரித்தவர் மெய்கண்டார். அவர் தந்த சித்தாந்தத்தில் உயிருக்கு உவமை, பளிங்கு. செம்பருத்தியை அருகில் வைத்தால் பளிங்கு சிவப்பாகத் தெரியும். எடுத்துவிட்டால் பழையபடி தெளிந்துவிடும். உயிரும் அப்படித்தான், எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று இதற்குப் பெயர். இந்த உவமையில் பளிங்கு எது? உங்கள் கையில் இருந்த மாலை இல்லை, நீங்கள்! அத்தனை வருடமும் பளிங்குக்கு அருகில் இருந்தது சிவநாமம். விரல் உருட்டிய மணி கண்ணாடி என்பதால் அந்தச் சார்பு பொய்யாகிவிடாது. மாலை எண்ணிக்கையைக் காத்தது, அவ்வளவே.

‘அப்படியானால் எதுவாக இருந்தால் என்ன? தில்லையிலும் கண்ணாடி லிங்கம் வைக்கலாமே?’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்விதான். தெரியாமல் கண்ணாடியை வைத்து ஜபித்தவரிடம் பொய் இல்லை. தெரிந்தே கண்ணாடியை ஸ்படிகம் என்று இறைவனுக்குச் சமர்ப்பித்தால், அங்கே பொய் நுழைந்துவிடுகிறது. தோஷம் பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஏமாற்றி விற்றவருக்கு அந்தத் தோஷம் உண்டு. ‘பாவனைதானே முக்கியம்’ என்று சொல்லி அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. வாங்கியவரின் பக்தி, விற்றவரின் பொய்யைக் கழுவாது.

இதில் நமக்கும் ஒரு சோதனை இருக்கிறது. உண்மை தெரிந்தபின் அந்த மாலையை என்ன செய்வீர்கள்? நாத்தனார் மகளுக்கு, ‘காசியிலிருந்து வந்த ஸ்படிகம்டி’ என்று கொடுத்துவிடலாம் என ஒரு கணம் தோன்றும். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ‘கண்ணாடிதான், ஆனா இதுல நிறைய ஜபம் பண்ணியிருக்கேன்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

புதிதாக வாங்குவோர் கவனத்துக்கு: ஸ்படிகத்தைக் கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிடக் கூடுதலாகக் குளிரும், அந்தக் குளிர்ச்சி சற்று நேரம் நிற்கும். உள்ளே உருண்டையான சிறு காற்றுக்குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். சந்தேகம் தீரவில்லையா? ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

சிதம்பரம் செல்பவர்கள் காலை பத்து மணிக்கு முன்பே கனகசபை எதிரில் இருப்பது நல்லது. இரண்டாம் கால பூஜையில் ஸ்படிக லிங்கத்தோடு மாணிக்கக் கூத்தரான ரத்தினசபாபதிக்கும் அபிஷேகம் நடக்கும். ரத்தினசபாபதிக்கு முன்னும் பின்னும் தீபம் காட்டும்போது, கண்ணை மூடிக்கொள்ளாமல் பாருங்கள்.