எஃப்பும் எல்லும்

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினேன். ஆறாம் வகுப்புக்கு எழுத்திலக்கணம் எடுக்கும்போதெல்லாம் விரலைச் சொடுக்கிக் காட்டுவேன், இதுதான் ஒரு மாத்திரை என்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் அளந்து வைத்த கணக்கு. எழுத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என ஒருநாளும் தோன்றியதில்லை. அறுபத்திரண்டு வயதில் மோர்ஸ் தந்திக் குறியீடு பழகப் போய் அந்த நிம்மதி கெட்டது.

எங்கள் ஊர் வேதாரண்யம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம்தான். காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால், தெருவையே காணவில்லை. மரம் படுத்துக் கிடந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல நான்கு நாள் ஆயிற்று. கையில் போன் இருந்தது, டார்ச் லைட்டாக. அந்த நான்கு நாளில்தான் பாரதி பிரசாத் ஞாபகத்துக்கு வந்தார். 2004 டிசம்பரில் அமெச்சூர் வானொலி இயக்கப் போர்ட் பிளேர் போயிருந்தவர். சுனாமி அடித்துத் தொலைபேசி அறுந்தபோது, கொண்டுபோன கருவியை வைத்தே தீவுச் செய்திகளை வெளியே அனுப்பினார். அப்போது அதைப் படித்துவிட்டு ஆச்சரியப்பட்டதோடு சரி. நாமும் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்ற எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

2021 ஊரடங்கில் மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு வந்து தங்கினான். பதின்மூன்று வயசு. பள்ளிப் பாடம் கம்ப்யூட்டரில் நடந்த அதே மேசையில் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, வகுப்பு ஒன்றையும் பிடித்துவிட்டான். ஓம் விதி, ஆன்டெனா நீளம், கியூ குறியீடுகள், உரிம விதிகள் எல்லாம் வீடியோவில் வந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு பழைய சர்வதேச விதி: அமெச்சூர்கள் தொழில்நுட்ப விஷயம் பேசலாம், சொந்தப் பேச்சு என்றால், பொதுத் தந்தித் துறைக்குப் போகவேண்டிய அளவுக்கு முக்கியம் இல்லாததாக இருக்க வேண்டும். முக்கியமில்லாததைப் பேசு என்று ஒரு சட்டம்! திண்ணைக்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் பார்த்ததில்லை.

பேரன் எழுத நினைத்த ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டியதில்லை. அதற்கு மேலே உள்ள ஜெனரல் கிரேடுக்கு அப்போது நிமிஷத்துக்கு 8 சொல் எடுக்கத் தெரிய வேண்டும். எனக்கு மோர்ஸ்தான் வேண்டும் என்றேன். "உனக்கு எதுக்கு அம்மாச்சி அந்த டிட் டிட்டெல்லாம்?" என்றான். எழுத்து என்றால் நம்ம ஏரியா என்ற தைரியம், வேறென்ன.

எல்.சி.டபிள்யூ.ஓ. என்றொரு தளம், ஜெர்மன் ஹாம் ஒருவர் 2008-இல் தொடங்கியது, காசு கிடையாது. கோக் முறையில் சொல்லிக்கொடுக்கும். லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1930-களில் கண்டது இது: மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டாதே, முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே எழுத்து கேள், நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. முதல் பாடம் கே, எம். டா டிட் டா, டா டா.

கால அளவைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். டிட் ஓர் அளவு. டா மூன்று அளவு, அதாவது நம் உயிரளபெடை. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஓர் அளவு மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. தொல்காப்பியம் படித்தவளுக்கு இது அத்தை வீடு மாதிரி. ஆகவே, எந்தத் தமிழாசிரியையும் செய்வதையே நானும் செய்தேன். எண்ணினேன்.

பத்தாவது பாடத்தில் எல் வந்தது: டி டா டி டிட். பதினேழாவதில் எஃப்: டி டி டா டிட். அங்கே மாட்டிக்கொண்டேன். எல் வந்தால் எஃப் என்று தட்டுவேன், எஃப் வந்தால் எல். பேரன் பத்து நாளில் தாண்டிப் போய்விட்டான். நான் ஒன்றரை மாதம் அங்கேயே நின்றேன். எங்கள் ஊர்க் கோயில் கதவு திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது, சம்பந்தர் முதல் பாட்டிலேயே அதை அடைத்துவிட்டார் என்பார்கள். என் காது அப்பர் கணக்குகூட இல்லை.

ஒருநாள் கோபத்தில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லில் டிட் மூன்று, டா ஒன்று, நடு மௌனம் மூன்று; ஆக ஒன்பது அளவு. எஃப்பிலும் அதே மூன்று டிட், அதே ஒரு டா, அதே மூன்று மௌனம், அதே ஒன்பது அளவு. இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். அளபெடை நிற்கும் இடம் மட்டும் ஒரு படி தள்ளியிருக்கிறது. அப்படியானால் எல் என்கிற எழுத்து எங்கே இருக்கிறது? முதல் டிட்டில் இல்லை. டாவில் இல்லை. கடைசி டிட் ஒலிக்கும்போது முதல் டிட் காற்றோடு போயாயிற்று. நான்கும் ஒரே சமயத்தில் எங்கேயும் இருந்ததே இல்லை.

ஆதீன வகுப்பில் இரண்டு வருஷம் சைவ சித்தாந்தம் படித்தவள் என்பதால் இது பழைய சண்டை என்று அப்போதே உறைத்தது. மீமாம்சகரான பட்டர் கட்சி சொல்லும்: ஒவ்வோர் ஒலியும் மறையும்போது உள்ளே ஒரு பதிவை விட்டுப் போகிறது, கடைசி ஒலி அந்தப் பதிவுகளோடு சேரும்போது பொருள் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பர்த்ருஹரி, வாக்கியபதீயம் எழுதியவர், ஒப்பமாட்டார். ரச, சர: ஒலிகள் அவைதாம், மாற்றிப் போட்டால் வேறு சொல். பொருள் துண்டு துண்டாகச் சேர்வதில்லை. மொட்டு வெடிப்பதுபோல் முழுசாக வெடிக்கிறது, அதுதான் ஸ்போடம் என்பது அவர் கட்சி. அவர்கள் வாதாடியது சொல்லையும் பொருளையும் பற்றி. நான் அதை ஒரு படி இறக்கி எழுத்துக்கு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எண்ணுகிற நான் பட்டர் கட்சி. எண்ணாதே, முழுசாகக் கேள் என்கிற கோக் தன்னை அறியாமல் பர்த்ருஹரி கட்சி. தீர்ப்பு எழுதிவிட்டேன், பர்த்ருஹரிக்கே வெற்றி. அடுத்த நாள் காலை எஃப்பை எல் என்றே தட்டினேன். எழுத்து முழுசாய் வெடிக்கும் என்று தெரிந்துகொள்வதால் அது எனக்காக வெடித்துவிடப் போவதில்லை.

பேரன்தான் ஜூம் வகுப்பில் சேர்த்துவிட்டான். வாரம் இரண்டு நாள், ராத்திரி ஏழரை மணி, நாங்கள் ஆறு பேர். நடத்தியவர் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியிருக்கும். 1999 பிப்ரவரி 1-ஆம் தேதி கடல் அபாயச் செய்திக்குச் செயற்கைக்கோளையும் சேர்த்த புதிய முறை முழுசாக அமலுக்கு வந்து, கப்பல்களில் மோர்ஸ் கட்டாயம் போயிற்று. "என் நாற்காலியையே எடுத்துட்டாங்க டீச்சர்" என்று சிரிப்பார்.

முதல் வகுப்பில் ஒரு கூத்து. அவர் மோர்ஸ் சாவியைத் தட்டுகிறார், விரல் அசைவது தெரிகிறது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேசினால் கேட்கிறது. தட்டினால் நிசப்தம். கடைசியில் பேரன் கண்டுபிடித்தான்: மனுஷக் குரல் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று ஜூம் வடிகட்டிவிடுகிறதாம். சீராக ஒரே சுருதியில் வரும் பீப் ஒலியை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறது. செட்டிங்கில் போய் 'அசல் ஒலி' என்பதை அமுக்கிய பிறகு கடகடவென்று எழுத்துகள் வந்தன. எனக்கோ வகுப்பு முடிந்தும் அதே நினைப்பு. சுத்தமான எழுத்து வருகிறது, கேட்கத் தெரியாத ஒன்று நடுவில் உட்கார்ந்து அதை இரைச்சல் என்கிறது. ஒன்றரை மாதமாக நான் செய்துகொண்டிருந்ததும் அதுதானே.

மூன்றாவது வகுப்பில் என் எஃப், எல் விவகாரத்தைச் சொன்னேன். அவர் விளக்கம் ஒன்றும் தரவில்லை. "பென்சிலைக் கீழ வைங்க டீச்சர். நான் அனுப்புறேன். நானும் கேக்கிறேன், நீங்களும் கேளுங்க. எதுன்னு சொல்ல வேணாம்" என்றார். தட்ட ஆரம்பித்தார். தளத்தின் ஒலி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். இவர் கை அப்படியில்லை; டா கொஞ்சம் இழுத்து விழும். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்து முடியும்போதும் அவர் தலை லேசாக ஒரு பக்கம் சாயும், நல்ல சங்கதி விழுந்தால் கச்சேரியில் சாயுமே, அப்படி. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. எத்தனை எழுத்து போயிற்றோ, ஒரு கட்டத்தில் எஃப் எஃப்பாக இருந்தது. நான் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை யார் என்று யோசித்தா தெரிந்துகொள்கிறோம், அப்படித் தெரிந்தது.

சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்துக்கு ஆதீன வகுப்பில் விளக்கம் சொல்லும்போது இரண்டு உபகாரம் என்பார்கள். கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு, ஆனால் இருட்டில் பார்க்காது. சூரியன் வந்து ஒளி தர வேண்டும். அது காட்டும் உபகாரம். ஒளி வந்தும் போதாது. உயிர் கண்ணோடு சேர்ந்து நின்று தானும் பார்த்தால்தான் கண் பார்க்கும். அது காணும் உபகாரம். இறைவன் உயிருக்கு இரண்டையும் செய்கிறான்: காட்டுகிறான், கூடவே நின்று காண்கிறான். காட்டும் உபகாரம் எனக்குச் சட்டென்று புரிந்தது, ஆசிரியர் தொழிலே அதுதான். இரண்டாவதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். தெரிந்தவன் தெரியாதவனோடு நின்று ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? வீண் வேலை அல்லவா?

அந்தத் தளம் எனக்குக் காட்டியதில் குறையே இல்லை. எஃப்பை ஆயிரம் தடவை, அலுக்காமல், ஒரு மயிரிழை பிசகாமல் காட்டியது. தப்பைச் சிவப்பில் போட்டுக் காட்டியது. அது காணவில்லை. அதற்குக் காது இல்லை. அந்தக் கிழவர் புதிதாக எதையும் காட்டவில்லை. ஐம்பது வருஷமாகத் தெரிந்த எஃப்பை, எனக்காக, என்னோடு, இன்னொரு தடவை கேட்டார்.

பேரனிடம் சொன்னேன். அவன் விடுவானா? "அம்மாச்சி, ஜூம்ல சவுண்டு நம்மகிட்ட வர்றதுக்குள்ள அரை செகண்டு ஆயிடும். அவர் கேட்டு முடிச்சப்புறம்தான் உனக்கே கேக்குது. ரெண்டு பேரும் சேர்ந்து எங்க கேட்டீங்க?" அப்புறம் இன்னொன்று: "ஒன்றரை மாசம் பிராக்டிஸ் பண்ணே, மூளை அன்னிக்கு செட் ஆயிடுச்சு. அவ்ளோதான்."

இரண்டாவது கேள்விக்குச் சித்தாந்தத்தில் பதில் தயாராக இருக்கிறது. மூளையும் காது மாதிரி ஒரு கருவி. கருவி அறியாது, அதை வைத்துக்கொண்டு அறிவது எது என்பதுதான் கேள்வி. ஆனால் தயாராக இருக்கும் பதில்கள் மேல் எனக்கு வயதாக ஆக நம்பிக்கை குறைகிறது. ஒன்றரை மாதப் பழக்கம் இல்லாமல் அந்த ராத்திரி நடந்திருக்காது என்பதும் நிஜம். முதல் கேள்விதான் என்னைக் குடைந்தது. அந்த அரை செகண்டு உண்மை. அவர் கேட்டதும் நான் கேட்டதும் ஒரே கணத்தில் நடக்கவில்லை. அப்படியானால் என்னோடு நின்று கேட்டது அவர் இல்லை. அப்படியானால் யார்? சித்தாந்த ஆசிரியர் அருள்நந்தி சிவாசாரியார், பிற மதங்களை மறுக்கும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில், பட்டர் கட்சியான பட்டாசாரியனையும் பர்த்ருஹரி கட்சியான சத்தப்பிரமவாதியையும் தனித்தனியாக நிறுத்தி இருவரையும் மறுக்கிறார். என் பழைய சண்டையில் இரண்டு கட்சிக்கும் அங்கே தோல்வி. ஒலிகளின் பதிவு அறியாது, ஒலியே பரம்பொருளும் ஆகாது. அறிவித்தால்தான் உயிர் அறியும் என்று நிற்பது அவர் பள்ளி. அறிவிப்பவனுக்கு அரை செகண்டு தாமதம் கிடையாது என்று நான் முடித்துவிடலாம். முடித்தால் பேரன் சிரிப்பான், அவன் சிரிப்பதில் நியாயமும் இருக்கும். பக்கத்தில் யாருமில்லாத ஒரு காதுக்குள் யாரோ கூட இருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. சாட்சிக்கு ஒரு எஃப்தான் இருக்கிறது.

இதையெல்லாம் யோசிக்க யோசிக்க ஒரு பையன் முகம் வந்து நிற்கிறது. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை, ஏழாம் வகுப்பு. ளகரம் ழகரம் அவனுக்குப் பிரிந்து கேட்காது. பழம், பளம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லுவான், ஒரே மாதிரி எழுதுவான். நாக்கை எங்கே வளைக்க வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். ஐம்பது தடவை சொல்லச் சொன்னேன். ஐம்பத்தொன்றாவது தடவையும் தப்பு. "காது இருக்கா இல்லையாடா உனக்கு?" என்று வகுப்பு முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பென்சிலைக் கீழே வை, நாம் இரண்டு பேரும் சும்மா கேட்கலாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு இப்போது நாற்பது வயசு இருக்கும்.

பேரன் உரிமத் தேர்வு எழுதித் தேறிவிட்டான். என் வேகம் நிமிஷத்துக்கு ஏழு சொல்லில் நிற்கிறது. எட்டுக்கு இன்னும் ஒன்று வேண்டும். எஃப்பும் எல்லும் தகராறு செய்வதில்லை. இப்போது எச்சும் ஐந்தும். எச்சுக்கு நான்கு டிட், ஐந்துக்கு ஐந்து டிட். வியாழக்கிழமை வகுப்பில் கேட்க வேண்டும்.