சிற்றுயிர்களும் நமது கையும்

வைகறையிலே துயிலெழுந்து, முற்றத்தைக் கூட்டி மெழுகி, அரிசிமாவினாற் கோலமிடும் இல்லாள், அந்த மாவை எறும்புகள் உண்ணுமென்று எண்ணி மகிழ்கின்றாள். அவளே அடுக்களையுட் புகுந்து சர்க்கரைப் பேணியைத் திறக்கும்போது அதனுள் எறும்பு மொய்த்திருக்கக் காண்பாளாயின், முகஞ் சுளிக்கின்றாள். அவை வந்த வழியெங்கும் மண்ணெண்ணெய் ஊற்றுகின்றாள். முற்றத்து எறும்பும் அடுக்களை எறும்பும் ஒரு புற்றிலே பிறந்தனவாயிருத்தல் கூடும். எனினும் ஒன்று விருந்து, மற்றொன்று பகை.

இஃது அவளொருத்தியின் குறையன்று, நம்மெல்லாருடைய இயல்புமாம். மின்மினியைக் கண்டு வியக்கின்றோம். கரப்பொத்தானைக் கண்டு அருவருக்கின்றோம். வண்ணத்துப்பூச்சியைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டி மகிழ்விக்கின்றோம். அதுவே சின்னாட்களின் முன் எலுமிச்சையிலையைத் தின்னும் புழுவாயிருந்தபோது நசுக்க முற்பட்டோம். தேனை அபிஷேகத்துக்குக் கொள்கின்றோம். தேனீயைக் கண்டால் ஓடுகின்றோம். இவ்வாறு ஒரு நெஞ்சத்திலே இரக்கமும் அருவருப்பும் ஒருங்கு குடியிருக்கின்றன. இவற்றுள் எதனைத் துணைக்கொண்டு மாணாக்கருக்கு அறங்கூறுவது? இவ்வினாவைச் சிறிதெனக் கருதற்க. கொல்லாமையைக் கற்பிக்கும் உபாத்தியாயர் பாடசாலையிலே நாள்தோறும் எதிர்ப்படுவது எறும்பும் குளவியும் நுளம்புமேயன்றோ?

இவ்வினா எமக்கு எழுந்த வரலாற்றை ஒளியாது கூறுவாம். யாம் கற்பித்த பாடசாலையொன்றின் வகுப்பறைச் சாளரத்திலே குளவிகள் கூடு கட்டியிருந்தன. ஒருநாள் ஒரு சிறுமியைக் குளவி கொட்ட, அவள் முகம் வீங்கிற்று. யாம் சினங்கொண்டு, ஒரு தடியின் நுனியிலே துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயிலே தோய்த்துக் கொளுத்தி, பிள்ளைகள் சூழநின்று ஆரவாரிக்க, அக்கூட்டை எரித்தோம். மறுநாள் இடைவேளையிலே ஒரு சிறுவன் தும்பியொன்றைப் பிடித்து, அதன் வாலிலே நூல் கட்டிப் பறக்கவிட்டு விளையாடக் கண்டு, “தம்பி, அதுவும் ஓர் உயிரல்லவா? அதை விட்டுவிடு” என்று கடிந்தோம். அவன் நூலை அவிழ்த்து அதனைப் போகவிட்டான். விட்டபின் எம்மை நிமிர்ந்து நோக்கி, “ஐயா, நேற்று நீங்கள் எரித்த குளவிகளுக்கு உயிர் இல்லையா?” என்றான். அவன் எதிர்வாதஞ் செய்தானல்லன். அறிய விரும்பியே வினாவினான். “குளவி கொட்டும், தும்பி கொட்டாது” என்று சொல்லி யாம் வகுப்பறைக்குட் சென்றோம். அவ்விடை அவனை அடக்கிற்று, எம்மை அடக்கவில்லை.

அவ்விடையின் பொருள் யாது? நமக்குத் தீங்கு செய்யாதது வாழ்க, தீங்கு செய்வது மாய்க என்பதேயாம். இது பிழையோவெனின், முழுவதும் பிழையன்று. ஆயின் நன்றும் தீதும் நாம் நினைக்குமாறு பிரிந்து நிற்பனவல்ல. கொட்டுகின்ற குளவியே பயிரையழிக்கும் புழுக்களைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. கறையானை நோக்குக. செல்லரித்த ஏட்டுச் சுவடிகளோடு போராடியே சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்கள். கலித்தொகை 1887ஆம் ஆண்டிலே அவர்கள் பதிப்பாக வெளிவந்தது. அங்ஙனம் ஒருவர் கைக்கு எட்டுமுன்னே கறையானுக்கு இரையான சுவடிகள் எத்துணையோ! ஆயினும் அக்கறையான் எடுக்கும் புற்றினையன்றோ திருவாரூரிலே மூலத்தானமாகக் கொண்டு, வன்மீகநாதரென்று வழிபடுகின்றோம்?

சிலந்தியை நோக்குக. அஃது எட்டுக்கால் உடையதாதலின் உயிர்நூலார் அதனைப் பூச்சிவகுப்பிற் சேர்ப்பதில்லை. நமது துடைப்பத்துக்கோ அவ்வேறுபாடு இல்லை. திருவானைக்காவிலே இறைவர் திருமேனியிற் சருகு விழாவண்ணம் ஒரு சிலந்தி வலையாற் பந்தர் இழைத்தது. வழிபட வந்த யானை அதனை அசுத்தமென்று கருதி அழித்தது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட்சோழ நாயனாராய்ப் பிறந்தது என்பதனைப் பெரியபுராணம் படித்தார் அறிவர். யானை தீயதன்று, அதுவும் அன்பினாலேயே அழித்தது. ஒன்றுக்குத் திருத்தொண்டாகத் தோன்றியது மற்றொன்றுக்கு அழுக்காகத் தோன்றிற்று. நமது அருவருப்பும் பலகால் இத்தன்மைத்தே. கண்ணுக்கு இழிவாகத் தோன்றுதல் ஓருயிரின் இழிவுக்குச் சான்றாகாது.

அருவருப்பு நம்மை மயக்குதல் போலவே அழகும் மயக்குகின்றது. பட்டுப்புழு தன்னைச் சுற்றி இழைக்கும் கூட்டின் நூல் அறாதிருத்தற்பொருட்டு, அந்துப்பூச்சி வெளிப்படுமுன் கூட்டோடு ஆவியிலோ கொதிநீரிலோ இட்டுக் கொல்லுதலே பெருவழக்கு. ஒரு சேலைக்கு இவ்வாறு மாளும் உயிர்கள் பல்லாயிரம். அச்சேலையை உடுத்துக்கொண்டு, காலின்கீழ் எறும்பு நசுங்காவண்ணம் பார்த்து நடப்பாரும் உளர். அவர் இரக்கம் பொய்யன்று; கண்ணுக்கு எட்டிய அளவிலே நின்றுவிட்டது.

இனி, “அவ்வாறாயின் எவ்வுயிரையும் கொல்லாதிருத்தலே முடிபு, நுளம்பையும் வாழவிடுக” என்பார் உளராயின், அவர்க்குச் சில கூறவேண்டும். மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்தலை ரொனால்ட் ரோஸ் என்னும் வைத்தியர் 1897ஆம் ஆண்டிலே செகந்தராபாத்திற் கண்டறிந்தார். 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய அக்காய்ச்சலால் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். பல்லாண்டு முயற்சியின் பயனாக 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா நீங்கிய நாடென்று அறிவித்தது. ஆயின் மறுவருடமே, வேறொருவகை நுளம்பு பரப்பும் டெங்குக் காய்ச்சலால் 1,80,000 பேருக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காய்ச்சலிற் கிடக்கும் மகவின் அருகிருக்கும் தாயை நோக்கி, நுளம்புக்கு இரங்குகவென்று கூறுதல் அறமாகாது. ஓருயிரைக் காக்கும் கடமை நம்மேல் உண்டாயின், அதற்கு இடையூறானதனை விலக்கும் கடமையும் உண்டு.

ஆதலின் கைநீட்டுமுன் நாம் நம்மையே மூன்று வினாக்கள் வினாவுதல் தகும். முதலாவது: இதனால் மெய்யாகவே தீங்கு உண்டோ, அன்றி எனக்கு அருவருப்பு மாத்திரந்தானோ? இரண்டாவது: கொல்லாது விலக்க வழியுண்டோ? மூன்றாவது: கொன்றே தீரவேண்டுமாயின், வதைக்காமலும் மகிழாமலும் அதனைச் செய்கின்றேனோ?

இவற்றுள் இரண்டாவது வினா பெரிதும் பயன்றருவது. டெங்கு நுளம்பு சிரட்டையிலும் தகரப்பேணியிலும் பழைய ரயரிலும் தேங்கும் தெளிந்த நீரை நாடி முட்டையிடுகின்றது. முட்டை நுளம்பாதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீர் தேங்கியபின் ஊற்றிவிடின் குடம்பிகள் மாளும். தேங்குமுன்னே சிரட்டையைக் கவிழ்த்துவைப்பின் மாளுதற்கு ஒன்றுமில்லை. மூடிய பேணிக்கு எறும்பு வருவதில்லை. துப்புரவான அடுக்களையிலே கரப்பொத்தான் பெருகுவதில்லை. நமது சோம்பலினால் அவற்றை அழைத்துவிட்டு, வந்தபின் சினந்து கொல்லுதல், விருந்துக்கு அழைத்தவன் வாயிலில் நின்று அடித்தல் போலாம்.

மூன்றாவது வினாவே எம்மைச் சுட்டது. அன்று கூட்டை நீக்கியது பிழையன்று என்றே இன்றும் எண்ணுகின்றோம். சினத்தோடு எரித்தது பிழை. பிள்ளைகளை ஆரவாரிக்க விட்டது அதனினும் பெரும்பிழை. குளவியின் தீங்கை அவர்கள் எம்மிடம் கற்றிலர். உயிர் எரிதலைக் கண்டு களிக்கலாமென்பதனையே கற்றனர். மறுநாள் தும்பியின் வாலிற் கட்டிய நூல் எமது பந்தத்தினின்றும் நீண்டதென்பதில் ஐயமில்லை.

பாரதத்திலே மாண்டவிய முனிவர் சரித்திரம் வருகின்றது. குற்றமற்ற அவர் கழுவேற்றப்பட்டார். காரணம் வினாவியபோது, பிள்ளைப்பருவத்திலே பூச்சிகளைப் புல்லினாற் குத்தியதன் பயன் இதுவென்று அறக்கடவுள் கூறிற்று. அறமறியாப் பருவத்தே செய்ததற்கு இத்துணைத் தண்டமோவென்று வெகுண்ட முனிவர், பதினான்கு வயதுக்குட்பட்டார் செய்வது பாவமாகாதென வரம்பு நிறுவினார். இக்கதையைப் பூச்சியை வதையாதேயென்று பிள்ளைகளை அச்சுறுத்தற்கே பெரும்பாலும் கூறுகின்றோம். அவ்வரம்பை உபாத்தியாயராகிய நாம் நம்மை நோக்கியும் படித்தல் வேண்டும். பதினான்கு வயதுவரை பிள்ளையின் கணக்கில் ஏறாத செயல்கள், அவனுக்குக் கைகாட்டி நின்றவர் கணக்கில் ஏறாதொழியுமோ?

சில தினங்களின் பின் அச்சிறுவனை அழைத்து, “தம்பி, குளவிக்கும் உயிருண்டு. கூட்டை அகற்றவேண்டியிருந்தது, ஆனால் நாங்கள் சந்தோஷப்பட்டது பிழை” என்று கூறினோம். அவன் யாதும் உரையாது தலையசைத்துச் சென்றான். பின்னர் அச்சாளரத்தை வாரந்தோறும் பார்த்து, குளவி கூடுகட்டத் தொடங்கும்போதே, முட்டையிடுமுன், அத்தொடக்கத்தைத் தடியினாற் றட்டிவிடும் வேலையைத் தானே கேட்டு ஏற்றுக்கொண்டான். அதன்பின் யாம் அங்கிருந்த காலம்வரை அவ்வறையிலே கூடு எரிக்கவேண்டிய தேவை நேரவில்லை.