‘எப்படியாவது’ என்னும் சொல்

அணுவிரதங்களுள் முதலாவதாகிய கொல்லாமையை ஏற்ற நம் இல்லங்களில், வேண்டுமென்றே ஓர் எறும்பை நசுக்குவார் அரியர். இரவில் உண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும் நமக்கு இளமையிலேயே படிந்த பழக்கங்கள். ஆயினும், நம் கையால் செய்யாத கொலை நம்மைச் சேருமா என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்பிக்கொள்வதில்லை. எம் வீட்டு மாடியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அவ்வினாவை எம்முன் நிறுத்தியது.

ஜினபூசைக்கென மண்தொட்டியில் நந்தியாவட்டைச் செடி ஒன்றை வளர்த்து வந்தோம். சென்ற ஆண்டு கோடையில், உறவினர் இல்லத் திருமணத்திற்காகப் பத்து நாள் வெளியூர் சென்றிருந்தோம். திரும்பி வந்தபோது தொட்டி மண் வறண்டு வெடித்திருந்தது. அதனுள் எறும்புகள் கூடமைத்திருந்தன. இலைகள் வாடித் தொங்கின. வீட்டு வேலைக்கு உதவும் பெண்மணியிடம், “எப்படியாவது இந்த எறும்புகளைப் போக்கிவிடம்மா” என்று கூறிவிட்டு உள்ளே சென்றோம். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால், தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கொதிக்கும் நீரை ஊற்றியிருந்தார் அவர். எறும்புகளும், அவை கவ்வியிருந்த வெண்ணிறக் கூட்டுப்புழுக்களும் மண்ணின்மேல் மிதந்தன.

“என்ன காரியம் செய்தாய்!” என்று பதறினோம்.

“நீங்கதானேம்மா எப்படியாவதுன்னு சொன்னீங்க” என்றார் அவர்.

மறுமொழி கூற எம்மிடம் ஒன்றும் இல்லை. சில நாள்களில் செடியும் பட்டுப்போயிற்று.

தொல்காப்பிய மரபியல் எறும்பை மூவறிவுயிர் என்றும், மரம் செடி முதலியவற்றை ஓரறிவுயிர் என்றும் வகுக்கும். நம் ஆகமங்களின் கொள்கையும் அதுவே. ஓரறிவுயிர் ஒன்றைக் காக்கப் புகுந்து, மூவறிவுயிர் பலவற்றை மாய்த்து, முடிவில் இரண்டையும் இழந்தோம்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயத்தில், வினை வந்து சேரும் வழிகளைப் பகுத்துரைக்கிறார். எண்ணுதல், கருவி கூட்டுதல், செயலைத் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று என நான்கு. இவற்றைப் பெருக்க 108 ஆகும். எம் கை தொடாத அச்செயல் இக்கணக்கில் எங்கு நிற்கிறது எனத் தேடினோம். நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை: பூவின்மேல் வைத்த பற்றினால், மொழியின் வழியே, பிறரைக் கொண்டு செய்வித்தோம். வெந்நீர் ஊற்றியவர் எம் ஏவலைச் செய்தார்; நாம் ஏற்ற நோன்பு அவர் ஏற்ற நோன்பன்று. ஒருவர் செய்த இம்சையின் பயன் பலரைச் சேர்தலும், பலர் செய்ததன் பயன் ஒருவரையே சேர்தலும் உண்டு என அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குவது இங்கு எண்ணத்தக்கது.

இன்னும் ஒன்று. அதே சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம், பிரமாதத்தினால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்கிறது. இன்று நாம் பாராட்டாக வழங்கும் பிரமாதம் என்னும் சொல், அங்கே விழிப்பின்மையைக் குறிக்கும். உலர்ந்த மண்ணையே எறும்புகள் நாடும். செடிக்கு நீர் வார்க்க ஏற்பாடு செய்யாமல் ஊருக்குச் சென்ற எம் விழிப்பின்மையே அவற்றை அங்குக் குடியேற்றியது. ‘எப்படியாவது’ என்றதும் விழிப்பின்மையே. காரியம் முடிந்தால் போதும், வழியைப் பற்றிக் கவலையில்லை என்பதன்றோ அச்சொல்லின் பொருள்?

இவ்வாண்டு செம்பருத்தித் தொட்டியில் எறும்புகள் குடியேறின. இம்முறை உலர்ந்த மண் நிரப்பிய வேறொரு தொட்டியை நிழலில் அருகே வைத்து, இரண்டிற்கும் இடையே ஒரு குச்சியைப் பாலமாக இட்டோம். செடியின் மண்ணில் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு நீர் வார்த்தோம். ஈரம் பரவப் பரவ, எறும்புகள் தம் கூட்டுப்புழுக்களைச் சுமந்துகொண்டு பாலத்தின் வழியே புறப்பட்டன. மூன்று நாள் பொறுத்திருந்து, அத்தொட்டியைக் கொல்லை வேலியோரம் கொண்டு வைத்தோம். சில எறும்புகள் நீரில் மாண்டன, அதை மறைப்பதற்கில்லை. அன்று மாலைச் சாமாயிகத்தில் அவற்றிற்காக வருந்தினோம். இல்லறத்தார்க்கு முற்றக் கொல்லாமை இயலாது என்பதனாலன்றோ நமக்கு அணுவிரதம் விதிக்கப்பட்டது? இயன்ற அளவைக் கைவிடுவதற்கு அது சாக்காகிவிடலாகாது.

கரையானுக்கு மருந்தடிக்க ஆள் அழைக்கும்போதும், எலியைப் பிடிக்கச் சொல்லும்போதும் அதே சொல் நம் நாவில் வரும். இனி ஒருவரை ஏவும்முன், செய்ய வேண்டிய காரியத்தோடு செய்யத்தக்க வழியையும் சேர்த்துச் சொல்லுவோம். வழியைச் சொல்ல நேரமில்லையாயின், ஏவாதிருப்போம்.