ஊதியமில்லாத் தலைமை

கூலி பெறாது பொதுப்பணி புரிவோனைக் கேள்வி கேட்கலாமா? “சும்மா செய்கிறவனைக் குறை கூறலாகாது” என்பது நம்மவரிடை வழங்கும் பேச்சு. இஃது அறிவுக்கு ஒத்ததன்று.

2003-ஆம் ஆண்டில் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியமாகிய தமிழ் விக்கிப்பீடியாவை நோக்குவோம். விருப்பத்தால் எழுதுவோர்க்கு அங்கே ஊதியமில்லை, நிருவாகிகளுக்கும் இல்லை. உடனெழுதுவோரே இவர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். பக்கத்தை நீக்கவும், குழப்பம் விளைப்போரைத் தடுக்கவும் இவர்களுக்கு அதிகாரமுண்டு. ஆயினும், கட்டுரையில் எது நிற்பது என்னும் வழக்கில் இவர்களும் சான்று காட்டியே பேசவேண்டும்.

இதுவே நியாயம். தலைவன் தன் ஓய்வு நேரத்தைத் தந்தான். தொண்டனும் அதையேயன்றோ தந்தான்? அந்நாளில் தோட்டத் தொழிலாளி கங்காணியின் ஏச்சைப் பொறுத்தது வயிற்றுக்காக. விருப்பத்தால் வந்தவனுக்கு அக்கட்டு இல்லை. முதற்கட்டுரையைப் பிழைபட எழுதிய இளைஞனை எள்ளி நகைத்தால், அவன் வழக்காடமாட்டான், திரும்பியும் வரமாட்டான். அவ்விழப்பு எக்கணக்கேட்டிலும் ஏறாது.

ஆதலின், தலைமை ஏற்போரே! பிழையை நீக்குங்கள், ஆளை விரட்டாதீர்கள். நீக்கிய காரணத்தை எழுதி வையுங்கள். கேட்போர்க்குச் சினவாது விடை கூறுங்கள். ஊதியம் வேண்டாமென்றவன் பொறுப்பையும் வேண்டாமென்று விட்டவன் அல்லன்.