அழித்த வெள்ளைப் புள்ளி

சீர்காழியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பருத்தி. ஒற்றை அடுக்கு, சிவப்பு. அம்மா சாமிக்குப் பறிப்பதற்குள் நான் ஓடிப்போய்ப் படம் எடுப்பேன். மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை. பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்ட ஒரு வளையம் கிடைக்கிறது, அது போதும். பூவுக்கு நாலு விரல் தூரத்தில் நின்றால், அதுவரை பார்த்திராத ஓர் ஊர் தெரியும்: சூல்முடியின் ஐந்து சிவப்புக் குமிழ்கள், அவற்றின் கீழே மஞ்சள் மகரந்தப் பைகள்.

அந்த நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். முன்னும் பின்னும் கரைந்துவிடும். காத்து லேசா அடிச்சாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூவுக்கு முப்பது, நாற்பது படம் எடுப்பேன்.

ஒருநாள் காம்பில் எறும்புகள் வரிசையாக ஏறின. எடுத்தேன், அழகாக வந்தது. அடுத்த நாள் புல்லிவட்டத்தின் ஓரம் பஞ்சு மாதிரி வெள்ளைப் புள்ளி. படத்தைக் கெடுக்கிறதே என்று கைபேசியில் விரலால் தேய்த்து அழித்தேன். அதற்கடுத்த நாளும் அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா கூப்பிட்டாள். தளிரெல்லாம் சுருண்டு, மொட்டு உதிர்ந்து, தண்டு முழுக்க மாவுப்பூச்சி.

"தினமும் இதையே தானேடா பாத்துக்கிட்டு இருந்தே?"

பதில் இல்லை. மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வரும். செடி இரண்டு முறை சொல்லியிருக்கிறது. ஒன்றை அழகு என்று எடுத்துக்கொண்டேன், இன்னொன்றை அழுக்கு என்று அழித்தேன்.

ஜெர்மனியின் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் செடிகளைப் பெரிதாக்கிக் காட்டும் படங்களை 1928இல் புத்தகமாக வெளியிட்டார். அவரும் செடிகளை வெட்டி, வேண்டாததைக் கழித்துத்தான் எடுத்தார். அது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெர்லினில் வடிவமைப்புப் படித்த மாணவர்களுக்கு இயற்கையின் உருவங்களைக் காட்டினார். வெட்டிய கிளையிடம் அவருக்குக் கடன் பாக்கியில்லை. நான் இந்தச் செடியோடு ஒரே கொல்லையில் வாழ்கிறேன். இதன் பூ எங்கள் சாமி மாடத்துக்குப் போகிறது.

லென்ஸ் மங்கவைத்தது என் குற்றமில்லை. எதைப் பார்த்தாலும் மீதி மங்கத்தான் செய்யும், கண்ணுக்கும் அதே கதிதான். ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி மங்கலில் இல்லை. அந்த ஒரு மில்லிமீட்டருக்குள், துல்லியமாக இருந்தது. பார்த்தேன். பார்த்துத்தான் அழித்தேன். கூர்ந்து பார்ப்பதே அன்பு என்று நம்பியிருந்தேன். யாருக்காகப் பார்க்கிறோம் என்பதையும் கேட்கணும் போல. நான் படத்துக்காகப் பார்த்தேன். அம்மா பூ பறிக்கிற அவசரத்திலும் செடிக்காகப் பார்த்தாள்.

மனுஷங்க விஷயத்திலும் இது பொருந்துமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் எடுக்கும் படங்களிலும் அப்பாவின் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை அதே விரலால்தான் அழிக்கிறேன்.

மோசமான கிளைகளை வெட்டி எரித்தோம். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து அடித்தோம். இப்போது இரண்டு தளிர் விட்டிருக்கிறது. காலையில் முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறேன். அப்புறம்தான் கேமரா.